மறுபடி மாட்டிய டியூப்

கரையான்சாவடி,
பூந்தமல்லி.
9.2.2025, ஞாயிறு.

அன்பு நண்பன் ராகேஷுக்கு, பூபாலன் எழுதுவது.

நீயும் லாவண்யாவும் குழந்தையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஐ.டி.ஐ.யில் ரெக்கார்டு நோட்டு எழுதியதோடு சரி. போனில் உன் அப்பா பேச்சை எடுத்ததும் நீ கட் செய்துவிடுகிறாய். நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நாலும் நீ கேட்காமலே கிடக்கின்றன. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் பிரித்தும் பார்ப்பான் என்று ஒரு நம்பிக்கை. கடைசி வரைக்கும் படித்துவிடு ராகேஷ்.

அப்பா திருவேற்காடு ஃபிளாட்டில்தான் தனியாக இருக்கிறார். நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறேன். மாடி வீட்டு சபீனா அக்கா மதியச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். மூன்று நாளாக அந்த டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பிப் போகிறது. வியாழக்கிழமை மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, பொங்கல் கழித்து நான் வாங்கி வைத்த அட்டைகள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. ஏம்ப்பா இப்படி என்றால், "எதுக்குடா?" என்கிறார். ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கேட்டில் நின்றவர், இப்போது மதியம் வரை பல் விளக்குவதில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "பூபாலன் கழட்டிப் போட்டுட்டுப் போனத நீங்க எதுக்கு மாட்டினீங்க? அம்மாவக் கொன்னது நீங்கதான்" என்று அப்பாவிடம் கத்தினாய். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆமாம்ப்பா" என்றார். நான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்பா போலீசில் எழுதிக் கொடுத்தது பொய். உன்னிடம் சொன்னதும் அதே பொய்தான். கீசரின் கேஸ் டியூபை மறுபடி மாட்டியது நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவம்பர் கடைசி வாரம் அம்மா எனக்குப் போன் செய்தார். கேஸ் கீசரில் தண்ணீர் சரியாகச் சுடவில்லை, வந்து பார் என்றார். போகிற போக்கில், குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது, பிரஷராக இருக்கும் என்றும் சொன்னார். அது பிரஷர் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. மறுநாள் காலை போனேன். வழக்கம்போல, "முதல்ல இட்லி சாப்புட்றா, அப்புறம் ஸ்பேனர எடு" என்றார். நான் வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனேன்.

மூடியைக் கழற்றினால் உள்ளே தகடுகளுக்கு நடுவில் கரி அப்பிக் கிடக்கிறது. நெருப்பு நீலமாக நிற்காமல் மஞ்சளாக ஆடுகிறது. கரியைத் தட்டி, பர்னரைக் கழுவி, துவாரங்களைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன், கசிவு இல்லை. நெருப்பு நீலத்துக்கு வந்தது. ஆனால் வியாதி அதில் இல்லை. அந்தச் சின்ன பாத்ரூமில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் மேல் கொசுவுக்காகப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி எத்தனை மாதமோ. எரிந்த புகை வெளியே போக வழியே இல்லை. ஊதுபத்தி கொளுத்திப் பிடித்துப் பார்த்தேன், புகை மேலே போய் என் முகத்துக்கே திரும்பி வந்தது. பிறகு போன தடவை நீ இங்கிலாந்திலிருந்து எனக்கு வாங்கி வந்த விஷவாயு மீட்டரை உள்ளே வைத்து, கீசரை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கத்த ஆரம்பித்துவிட்டது.

சிலிண்டரை மூடினேன். டியூபைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். "இன்னாப்பா இது, இத்த உள்ள வெச்சுகினா குளிக்கிறீங்க? வாசனையே வராது, ஆளத் தூக்கிடும். கீசர வெளிய பால்கனி செவுத்துல மாட்டி, தண்ணிய மட்டும் பைப்புல உள்ள கொண்டாரணும். அதுவரைக்கும் தொடாதீங்க" என்றேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன் என்றார். அம்மா கேட்கவில்லை. தோள்பட்டை வலியோடு நீங்கள் குண்டானைத் தூக்கி வந்து வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றார். மதியம் உனக்குப் போன் போட்டார்கள். போன் என் கைக்கு வந்தது.

நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "மச்சான், நான் ட்ரெயின்ல இருக்கேன், சிக்னல் போவுது. பொங்கலுக்கு வரேன்ல, அப்ப மாத்திக்கலாம். அதுவரைக்கும் ஓட்ற மாதிரி பண்ணிக் குடு. பச்சத்தண்ணி ஊத்துனா அம்மாவுக்கு முட்டி புடிச்சுக்கும். நீ வேற அவங்கள பயமுறுத்தாத." நான், "சரிடா" என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் மாட்டாமல் போய்விட்டதாக அப்பா உன்னிடம் சொன்னார். அப்படி இல்லை. பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்து, கதவையும் திறந்து வைத்து, டியூபை மாட்டி மறுபடி ஓடவிட்டேன். புகை ஜன்னல் பக்கம் நகர்ந்தது. மீட்டர் கத்தவில்லை. ஜன்னலை மூடாதீர்கள், பக்கெட் நிரம்பியதும் கீசரை நிறுத்திவிட்டுக் குளியுங்கள் என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, டியூபைக் கழற்றாமல் விட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

உன் வாடகை வீட்டு ஹாலில் இருக்கும் கேஸ் கணப்பைப் பற்றி நீ ஒரு தடவை சொன்னாய். வருஷத்துக்கு ஒருமுறை அதற்கென்று பதிவு பெற்ற ஆள் வருவான், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டுத்தான் புகை காட்டிச் சோதிப்பான், குளிரில் மனுஷன் மூடிக்கொண்டுதானே இருப்பான் என்றாய். புகை அறைக்குள் வந்தால் கேஸை அடைத்துச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவான், யார் சொன்னாலும் திறக்கமாட்டான் என்றாய். அதைக் கேட்டுத்தான் நான் ஊதுபத்தி வைத்துப் பார்க்கவே பழகினேன். அப்படிப்பட்டவன் அன்று ஜன்னலைத் திறந்துவைத்துச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சோதனையே இல்லை. மூடிவைத்துப் பார்த்தபோது மீட்டர் சொன்னதுதான் உண்மை. அந்த மீட்டரையாவது அங்கே விட்டுவிட்டு வந்திருக்கலாம். திருமழிசையில் அடுத்த வேலைக்கு வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பரில் அந்த நாலு நாள் மழை. சாரல் நேராகப் பாத்ரூமுக்குள் அடித்திருக்கிறது, ஜன்னலில் மறுபடி பிளாஸ்டிக் ஏறிவிட்டது. சனிக்கிழமை காலை பத்தரைக்கு அம்மா குளிக்கப் போனார். அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் தலைக்கு ஊற்றுகிறாள் என்று நினைத்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டினார். சத்தம் கேட்டு ஓடி வந்த சபீனா அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தாழ்ப்பாளை உடைத்தார்கள். அப்பாதான் முதலில் உள்ளே பாய்ந்து அம்மாவைத் தூக்கப் பார்த்து, அவரும் அங்கேயே சுருண்டு விழுந்தார். அக்கா சிலிண்டரை மூடி, ஜன்னலை உடைத்து, இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டபோது அம்மா போய்விட்டிருந்தார். இதெல்லாம் நீ கேள்விப்பட்டதுதான். ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியாது.

மறுநாள், நீ இன்னும் விமானத்தில் இருந்தாய். எஸ்.ஐ. வாக்குமூலம் வாங்க வருகிறார் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும், அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ கழட்டிட்டுப் போயிட்ட. ஒரு வாரம் கழிச்சு நானே வேற டியூப் வாங்கி மாட்டிட்டேன். இதான் நடந்துது பூபாலா" என்றார். "இன்னாப்பா சொல்றீங்க, நான்தானே மாட்டுனேன்" என்றேன். "உனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நீ உள்ள போயிட்டா அதுங்களுக்கு யாரு? அவன் போன்ல சொன்னதால ஆச்சுன்னு தெரிஞ்சா என் புள்ள உருப்படியா சாப்புடுவானா, தூங்குவானா? போனவ போயிட்டா. இருக்கறவங்கள இருக்க விடு" என்றார். அம்மா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டார். எஸ்.ஐ. வந்தார். நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள் ஓரிடத்தில் அப்பாடா என்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. ஜன்னலில் மறுபடி பிளாஸ்டிக் ஒட்டியதும் தான்தான் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் விடாமல் கேட்டபோதுதான் சொன்னார்: "குளிருதுன்னு அவதான் ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினா. நான் பாத்துகினுதான் இருந்தேன். வேணாம்னு சொல்லல. அவ பேர்ல ஒரு பேச்சு வரக்கூடாதுடா." சொல்லிவிட்டு அழுதார். இந்த இரண்டு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

சத்தியத்தை மீறுகிறேன். இதைப் படித்தால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் உன்னைக் காப்பாற்ற நினைத்தார். நானும் சும்மா இருந்தால் உனக்கு நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் அங்கே ஒரு மனுஷன் கண் முன்னால் குறைந்துகொண்டே போகிறார். நீ ஒன்றைப் புரிந்துகொள். நீ ஓடும் ரயிலில் இருந்து அம்மாவின் முட்டியை நினைத்துப் பேசினாய். மீட்டர் கத்தியதை நீ கேட்கவில்லை. கேட்டவன் நான். முடியாதுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருப்பாய், அவ்வளவுதானே.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன். என் வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் என் சட்டையை அயர்ன் செய்து வைத்திருக்கிறாள்.

டிசம்பருக்குப் பிறகு, நான் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் போய் பாத்ரூமுக்குள் இருக்கும் கீசர்களைக் கழற்றச் சொல்லி வருகிறேன். சிலர் கேட்கிறார்கள். இங்கே கரையான்சாவடியிலேயே ஒருவர், வேலை தெரியாதவன் என்று திட்டி அனுப்பிவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டு மறுநாளே மாட்டிக்கொண்டார். தினமும் அந்த வாசலைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கிப் பார்க்கிறேன்.

அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். உன் ஹால் கணப்பை இந்த வருஷம் அந்த ஆள் வந்து பார்த்தானா? வராவிட்டால் வீட்டுக்காரனை விடாதே. அதுவரை அதைப் பற்றவைக்க வேண்டாம் என்று லாவண்யாவிடம் சொல். வீட்டில் இருக்கும் விஷவாயு அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே அமுக்கிப் பார். குழந்தை தூங்கும் அறையிலும் ஒன்று வை.

என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே. திட்ட வேண்டும் என்றால் எனக்குப் போன் போட்டுத் திட்டு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். ஆனால் அப்பாவைக் கூப்பிடு. மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், இந்தக் கடிதத்தைப் பற்றியும் பேச வேண்டாம். மாத்திரை போட்டீங்களா என்று மட்டும் கேள். நீ கேட்டால் போடுவார்.

லேண்ட்லைனுக்கே அடி, செல்போனை அவர் சார்ஜ் போடுவதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வர இப்போதெல்லாம் அவருக்கு நேரம் ஆகிறது. மணி நிறைய அடிக்கும். உடனே வைத்துவிடாதே ராகேஷ்.

உன் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்த,
பூபாலன்