நான்காம் பத்தியை நீக்க வேண்டாம்

அனுப்புநர்:
அமுதவள்ளி த/பெ அய்யாவு,
செயலாளர், குடியிருப்பாளர் சங்கம்,
மெலாத்தி அடுக்குமாடி, கிள்ளான்.

பெறுநர்:
திரு. ஜெயந்திரன் அவர்கள்,
மன்ற உறுப்பினர்,
மண்டல அலுவலகம், கிள்ளான்.

பொருள்: 6.4.2025 கூட்டக் குறிப்பின் நான்காம் பத்தியை மாற்றி அனுப்பியது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. ஏழு ஆண்டுகளாக எங்கள் சங்கக் கூட்டங்களுக்கு நானே குறிப்பெழுதி வருகிறேன். பிறப்பால் நான் சீனப் பெண். பன்னிரண்டு நாள் குழந்தையாக ரவாங்கில் என்னைத் தத்தெடுத்துப் பெயரிட்டவர் என் தகப்பனார் அய்யாவு. முகம்தான் சீன முகம். பேச்சும் சாப்பாடும் சண்டையும் தமிழ்.

2. மேற்படி கூட்டத்தில், புதிதாகக் குடிவந்த ஒரு சீனக் குடும்பம் மகள் திருமண விருந்துக்கு எங்கள் மண்டபத்தைக் கேட்ட கடிதம் வாசிக்கப்பட்டது. தலைவர் திரு. முகுந்தன், “அந்தச் சப்ப மூக்குக் கூட்டத்துக்கு ஹால் குடுத்தா நாத்தம் ஒரு மாசத்துக்குப் போகாது லா” என்றார். உடனே என் பக்கம் திரும்பி, “அக்கா, உங்களச் சொல்லல. நீங்க நம்ம ஆளு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் குறிப்பெழுத உட்கார்ந்தேன்.

3. இத்தகைய பேச்சு புதிதல்ல. எங்கள் வங்காளதேசக் காவலாளியைக் கூட்டத்தில் எப்படி ஏசினாலும் “கருத்துகள் பரிமாறப்பட்டன” என்றே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை சொன்னதைச் சொன்னபடி கூட்டக் குறிப்பின் நான்காம் பத்தியில் எழுதினேன்.

4. 4.5.2025 கூட்டத்தில் வழக்கப்படி அக்குறிப்பை வாசித்தேன். தலைவர், “இத எடுத்துடுங்கக்கா, மேல போற பேப்பர் இது” என்றார். தவறாக எழுதியிருந்தால் திருத்துகிறேன் என்றேன். அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. குறிப்பை அப்படியே ஏற்கும்படி உறுப்பினர் திருமதி புஷ்பவல்லி முன்மொழிந்தார். வழிமொழிய ஆளில்லை, அது இல்லாமல் குறிப்பு செல்லாது. அப்போது, சென்ற கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்த திரு. கேதீஸ்வரன் எழுந்து, “அவரு சொன்னாரு, நான் சிரிச்சேன். அதையும் சேர்த்து எழுதுங்க. நான் வழிமொழியிறேன்” என்றார். ஐயா, மேசைமேல் ஏறிக் கூவலாம்போல இருந்தது எனக்கு! பதினெட்டுக் கைகள் உயர்ந்தன. மண்டபமும் அக்குடும்பத்துக்கே ஒதுக்கப்பட்டது. விருந்து 24ஆம் தேதி. எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது!

5. ஆனால் மறுநாளே தலைவர் தங்கள் அலுவலகத்துக்கு வேறொரு பிரதியை அனுப்பிவிட்டார். நான்காம் பத்தி இருந்த இடத்தில் “கருத்துகள் பரிமாறப்பட்டன” என்று இருக்கிறதாம். அந்த வாக்கியம் என்னுடையது, ஐயா. ஏழு ஆண்டுகளாக நான் பழக்கிக் கொடுத்தது. ஆகவே என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

எனவே அப்பிரதியைத் தள்ளிவிட்டு, நிறைவேறிய குறிப்பையே கோப்பில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் மலாய்ப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது. தலைவரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. 1.6.2025 கூட்டத்துக்குத் தாங்கள் நேரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

என்னை நம்ம ஆளு என்றார். நம்ம ஆளுதான், ஐயா. அதனால்தான் நம்ம கூட்டத்தில் பேசியதை நானே எழுதினேன்.

தங்கள் பதில் வரும்வரை பேனாவை மூடாமல் காத்திருக்கும்,

(கையொப்பம்)
அமுதவள்ளி த/பெ அய்யாவு

இடம்: கிள்ளான்
நாள்: 9.5.2025