நிற்காத பஸ்ஸை விட்டுவிடுகிறவள்

ஜூலை 14, செவ்வாய்

லேப்டாப் விளையாட்டில் நான் கட்டிவரும் நகரத்தில் இன்று ஒரு பெரிய காரியம் செய்தேன். ஊரெல்லாம் சுற்றிப்போகும் பஸ்ஸை எடுத்துவிட்டு, வழியில் எங்கும் நிற்காத பஸ் ஒன்றை விட்டேன். அத்தனை பொம்மை ஜனங்களும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் பச்சை பச்சையாய்ச் சிரித்த முகங்கள்.

என் மனைவி கவிதா கோவையில் வேலை முடிந்து உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் இன்றும் இருட்டிவிட்டது. வந்ததும் அவளிடம் காட்டினேன். "நீயும் இப்படி நிக்காத பஸ்ல வந்தா என்ன?"

"அதை விட்டுப்போட்டுத்தானுங்க வாரேன்," என்றாள். "ஊரூரா நிக்கற பஸ்ஸுல வெளிய இருந்தே கர்ச்சீப்பப் போட்டு ஜன்னலோரத்தப் புடிச்சுக்குவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தானுங்க. ஆபீஸ்ல அவங்க கூப்புட்டுட்டே இருக்காங்க, ஊட்டுல நீங்க கூப்புடறீங்க. நடுவுல அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கற நேரம்."

சொல்லிவிட்டுத் தோசைக்கல்லை வைக்கப் போய்விட்டாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, அந்த ஜன்னலோரத்தில் என்னதான் நினைத்துக்கொண்டு வருவாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் அதுவும் நான் கூப்பிட்ட கணக்காகிவிடும்.

அவள் தூங்கிய பிறகு, விளையாட்டில் பழைய பஸ்ஸையும் மறுபடி ஓடவிட்டேன். நிறுத்தத்தில் நின்ற ஒரு பொம்மைப் பெண்ணை க்ளிக் செய்து பார்த்தேன். ‘வீட்டுக்குப் போகிறாள்’ என்று மட்டும் காட்டியது. சுற்றிப்போகும் பஸ் காலியாக வந்து நின்று போனது. அவள் அசையவில்லை. நிற்காத பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அந்தப் பொம்மைப் பெண்ணை வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்களோ என்னவோ.