நல்ல நாளுக்கென்று பூட்டிவைத்த குளிர்

பேகம்பூர், திண்டுக்கல்
10-6-1965

பினாங்கில் இருக்கும் அருமை மகன் முனீருக்கு, அம்மா ஜெய்தூன் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு மெலியாமல் இருக்க துஆச் செய்கிறேன். உன் தங்கை தாஹிராவுக்கு வாய் வளர்ந்த அளவுக்கு முடி வளரவில்லை. என் எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, மூன்றாங் கிளாஸோடு நின்றவளுக்கு இம்புட்டுத்தான் வரும்.

இங்கே பெரிய சேதி முதலாளி சனாவுல்லா ராவுத்தர் காரைப் பற்றித்தான். உனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்த மதராஸ் தோல் தரகர் பீர் முகமது மாமா, ஒரு துரையிடம் பேசி முடித்துக் கொடுத்த அமெரிக்கன் கார், உள்ளே ஐஸ்பெட்டி மாதிரி குளிரடிக்கும் என்று முன்னே எழுதினேனே, அதுதான். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற முதலாளி மகள் மெஹராஜை மதுரை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரும்போது, கத்திரி வெயில் என்று காரோட்டிய உன் அத்தா கண்ணாடியை எல்லாம் ஏற்றிக் குளிரைத் திருகியிருக்கிறார். கொடைரோடு வரை அனல் காற்றுத்தான் வந்ததாம். சின்னாளப்பட்டி பக்கம் கிறீச்சென்று கத்தி, பெல்ட் தீய்ந்து ஒரே புகை. மாசமான பிள்ளை மயங்கிச் சாய்ந்துவிட்டது. நெசவுக்காரர் வீடு ஒன்றில் படுக்கவைத்து மோர் கொடுத்துத் தெளியவைத்தார்கள். இப்போது பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முதலாளி கோபமெல்லாம் மாமா மேலே திரும்பியது. ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டான், இனிமே அவனுக்கும் எனக்கும் யாவாரம் கெடையாது, இன்னைக்கே காயிதம் போடுறேன் என்று குதித்தார்.

மதுரை ஐஸ் கம்பெனியில் மிஷின் பார்க்கும் கருப்பணனைக் கூட்டிவந்தார்கள். நான் மெஹராஜுக்குத் துணையாக முதலாளி வீட்டில் இருந்ததால் ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்தேன். பெல்ட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று அத்தா சொன்னார். கருப்பணன் கேட்கவில்லை. கம்ப்ரசர் என்கிற அந்த இரும்புக் கட்டியின் அச்சைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார், சோறு பொங்குகிற மாதிரி நுரை வந்தது. கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. உள்ளே இருந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டினார், மைக்கறுப்பு, நடுவே இரும்புப்பொடி மினுங்கியது. அச்சைச் சுத்தி அடைக்கிற சீல் காஞ்சு குளிர் வாயுவும் எண்ணெயும் கசிஞ்சு போச்சு, வறட்டா ஓடி இறுகிருச்சு, இதை மாத்தணும் என்றார். குளிரை எப்ப எப்பப் போடுவீக என்று அத்தாவிடம் கேட்டார். பெருநாளைக்குப் போட்டது என்றார் அத்தா. அதுக்கு முன்னாடி எப்ப என்றார் அவர். அதுக்கு முந்தின பெருநாளைக்கு என்றார் அத்தா. கருப்பணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். அடிக்கடி ஓட்டினால்தான் எண்ணெய் சுற்றிவந்து சீலை நனைக்குமாம். உன் அத்தா சங்கதி உனக்குத் தெரியாதா, பினாங்கிலிருந்து நீ அனுப்பிய அத்தரை நல்ல நாளுக்கென்று வைத்துவைத்து, மூடி திறக்காமலே சீசாவில் வற்றவிட்ட மனுஷன். முதலாளி போடச் சொன்னபோதெல்லாம் எஞ்சின் சூடாகும் என்று பொய் சொல்லிப் பத்திரம் பண்ணியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மாமா பேர் கெடும். வேலை போனா பிரியாணிக் கடை போடுவோம், நீங்க சட்டி கழுவுங்க, அந்தச் சட்டியையும் நல்ல நாளுக்குன்னு எடுத்து வச்சிராதீக என்றேன். சிரிக்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நேரே முதலாளியிடம் போய், காயிதம் போடாதீக மொதலாளி, அந்த மனுசன் மேல குத்தமில்லை, போடாம வச்சுக் கெடுத்தது நாந்தேன் என்று சொல்லிவிட்டார். எம்புள்ளை மயங்கிக் கெடந்தப்பக்கூட நீ வாயைத் தொறக்கலையே மீரான் என்றார் முதலாளி. சாவியை வச்சுட்டுப் போ என்றார்.

அப்புறம் மாமாவுக்கு எழுதினது சண்டைக் காயிதம் இல்லை, சாமான் கேட்டு. அவரும் மதராஸில் ஓடி ஓடித் தேடி, மோதி நசுங்கிய இதே ஜாதிக் கார் ஒன்றிலிருந்து நல்ல கம்ப்ரசரைக் கழற்றி ரயிலில் அனுப்பினார். கருப்பணன் புது சீல் போட்டுப் பொருத்தி, குழாய்க்குள் இருந்த காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு வாயு ஏற்றினார். ஓடவிட்டதும் மெஹராஜ் கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தது. முதலாளி ஆள் விட்டு அத்தாவைக் கூப்பிட்டார். வாராவாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு குளிரைப் போட்டுக் காரை ஓட்டணும், சும்மா ஓட்ட ஒனக்கு மனசு வராது, ஜெய்தூனை ஏத்திக்கிட்டுப் போ என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை தாடிக்கொம்பு வரை போனோம். எனக்குப் பல் கிடுகிடுத்தது. பாதி வழியிலேயே, போதுமா, நிறுத்தட்டா என்று அத்தா குளிர்த் திருகில் கையை வைத்தார். முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எடுங்க கையை என்றேன்.

நீ மாமாவுக்கு நன்றி சொல்லி ஒரு காயிதம் போடு, மறந்துவிடாதே. இங்கே அவர் வாங்கிய திட்டு அவருக்குத் தெரியாது, அதை மட்டும் எழுதிவிடாதே. உன் ஆயுளையும் உண்ணுகிற ரிஜ்கையும் அல்லாஹ் நிறைவாக்கி வைப்பானாக.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெய்தூன் பீவி