லோம்பேயின் எடையை இனிக் கேட்காதே

கிட்வே, சிம்வெம்வே
ஞாயிறு, கோயில் முடிந்து வந்து

மகன் கசோண்டேவுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் மனைவி லோம்பேயும் இப்போது எழுந்து நடமாடுகிறாள், இதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் கடவுளிடம் கேட்டுக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் அவர் காதில் விழும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது, காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. எதிர்வீட்டு முசோண்டாவின் மகள் நீ இருக்கிற லீட்ஸுக்குத்தான் படிக்க வருகிறாள், உன் கையிலேயே கொடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுதும் படி, பாதியில் மடித்து வைக்காதே.

இங்கே மழை பிந்திவிட்டது, பின்பக்கத்து மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்றுபோனது, கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வருகிறது போகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ரயில்வேயில் நின்ற கால் இனி எங்கே சரியாகும். இதெல்லாம் நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். லோம்பேயை அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நீ சொன்னதில் இருந்து, இந்த நாலைந்து மாதமாக, நீ போன் செய்தால் முதல் கேள்வி "அவ எவ்ளோ குறைஞ்சிருக்கா?" என்பதுதான், அப்பா எப்படி இருக்கிறார் என்பது கடைசியில் வரும், அதுவும் நான் ஞாபகப்படுத்தினால்.

முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ கேட்டதெல்லாம் அந்த மேடம் பிரிஸ்கா சொன்ன கதை. லோம்பேக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, எடையைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று கிளினிக்கில் சிஸ்டர் நகாம்பா சொன்னாள். பெண்டாட்டி என்ற முறையில் அதை உன்னிடம் சொன்னாள், அவ்வளவுதான். நீ அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அங்கே இருந்தே காசு கட்டி, டவுனில் மேடம் பிரிஸ்கா நடத்துகிற 'புது உடம்பு' வகுப்பில் அவள் பெயரைச் சேர்த்தாய். போனில் ஆப் ஒன்று இருக்கிறது, சாப்பிடுகிறதை அதில் எழுதினால் கலோரி கணக்கு இலவசமாகவே சொல்லும், அதைப் பார்த்து நானே குறைத்துக்கொள்கிறேன் என்று அவள் அப்போதே சொன்னாள். நீ சிரித்தாய். "காசு குடுத்தாத்தான் ஒழுக்கம் வரும், சும்மா கெடைக்கிறத யாரு மதிப்பாங்க" என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

சரி, போனாள். பொய் சொல்லக்கூடாது, அந்த வகுப்பில் ஆட்டமும் பாட்டுமாக உடற்பயிற்சி வைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை ஆனால் ஷூவைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாள், அங்கே வருகிற தக்காளிக்காரி அகதா எல்லாரையும் சிரிக்கவைக்கிறதை வந்து நடித்துக் காட்டுவாள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் மேடம் பிரிஸ்கா ஒவ்வொருத்தியாக மேடையில் ஏற்றி நிறுத்தி, எடையை மைக்கில் சொல்வாளாம். குறைந்தவளுக்குக் கைதட்டு. குறையாதவள் மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்கவேண்டும், அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். நாம் பிறந்ததிலிருந்து தின்கிற மக்காச்சோளக் களியைத் தொடக்கூடாது, தொட்டால் வகுப்புக்கு வராதே. ராத்திரிக்கு டப்பாவில் இருந்து ஒரு பொடி, தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டும். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், சென்ட் தெளித்த சுண்ணாம்பு. ஒரு வாரம் அவளுக்கு எடை குறையவில்லை, மூட்டையைத் தூக்கி நின்றாள், அந்தப் போட்டோ எப்படியோ நம் கோயில் பெண்கள் கைக்கு வந்தது, பாடல் பயிற்சியில் எனக்குப் பின்னால் இருந்து சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றே உன்னிடம் சொன்னேன். "அவமானப்பட்டாத்தாம்மா சீக்கிரம் குறையும்" என்றாய். நான் பெற்ற வாய்தான் அது, எங்கே கற்றுக்கொண்டதோ.

குறைந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. நீ கைதட்டுகிற படம் அனுப்பினாய். இங்கே அவள் பாடம் நடத்துகிற பிள்ளைகள் "டீச்சர், உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் ஒரு பெண், அதுவும் புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண், திடீரென்று இளைத்தால் எந்த நோயைச் சொல்லிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா. பேசினார்கள். நான் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரோடு சண்டை போட்டேன்.

அப்புறம் மும்பா கிழவர் சாவு. துக்க வீட்டில் எப்போதும்போல் பெண்கள் எல்லாரும் சமையலில் இருந்தோம். பெரிய பானைக் களியைக் கிண்டுகிற துடுப்பை லோம்பேதான் வாங்கினாள், நம் தெருவில் அந்தப் பானையை அவள் மாதிரி யாரும் கிண்டமாட்டார்கள் என்று உனக்கே தெரியும். முந்தின நாள் மத்தியானத்தில் இருந்து அந்தப் பொடித்தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், துடுப்பு சத்தம் நின்றது, நிமிர்ந்து பார்த்தால் அவள் அடுப்புப் பக்கமாகச் சாய்கிறாள். பெண்கள் பிடித்து இழுத்ததால் முகம் தப்பியது. வலது கை முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. உனக்கு இதை "சமையல்ல சின்னக் காயம்" என்று சொன்னாள், நீயும் நம்பிவிட்டு, அந்த வாரம் எடை பார்த்தாளா என்று கேட்டாய். கேட்டாயா இல்லையா?

கிளினிக்கில் சிஸ்டர் நகாம்பா கட்டுப் போட்டுக்கொண்டே "இவ கடைசியா எப்ப சாப்ட்டா?" என்று கேட்டாள். லோம்பே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எடைய கொறைன்னு நான்தான் சொன்னேன், ஆளையே கொறைக்கச் சொன்னேனா?" என்று சிஸ்டர் என்னைத் திட்டினாள், உன்னைத் திட்டவேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன். பொடியைத் தூக்கிப் போடு, உன் வீட்டுச் சாப்பாட்டையே அளவு தெரிந்து சாப்பிடு, மெதுவாகக் குறையட்டும், அழுத்தம் பார்க்க மட்டும் தவறாமல் வா என்றாள். இப்படித்தான் அவள் அந்த வகுப்பை விட்டாள். ஓடிப்போனாள், சோம்பேறி, ஒழுக்கம் இல்லை என்று மேடம் பிரிஸ்கா உனக்குப் போன் போட்டுச் சொன்னது இதைத்தான்.

பிறகு அந்த இலவச ஆப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, சாப்பாட்டை எண்ணுகிற வீடு விளங்காது என்று சண்டை பிடித்தேன். அதற்கு நம் சாப்பாடும் தெரியவில்லை, பூசணிக்கீரை என்று போட்டால் பூசணிக் கேக் என்று காட்டுகிறது. லோம்பே கருவாட்டுக் கடையில் தராசு கடன் வாங்கி வந்து, மாவை நிறுத்து, கீரைக்குப் போடுகிற வேர்க்கடலைப் பொடியை நிறுத்து, ஒவ்வொன்றாக அவளே எழுதிச் சேர்த்தாள். "என் தட்டையும் நிறுக்கப் போறீங்களா?" என்று அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். இரண்டு நாளில் அவரே வந்து, களி உருண்டையைக் கையில் உருட்டி, இது எவ்வளவு சொல்லு பார்ப்போம் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார். இந்த எண்ணிக்கையில் உனக்கு என்னடி கிடைக்கிறது என்று நான் கேட்டதற்கு, "எண்ணுறது நான்தாம்மா, வேற யாரும் மைக்ல கத்தல" என்றாள். அலுப்பான வேலைதான், சனிக்கிழமைக் கூட்டம் இல்லாமல் முகம் வாடித்தான் இருந்தாள், ஆனால் அந்த அகதாவும் வகுப்பை விட்டுவிட்டு இவளோடு காலையில் நடக்க வந்தாள். அழுத்தம் இறங்கியது. களி சாப்பிட்டாள், சிரித்தாள், எடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம் நீ.

விட்டாயா? காசு போய்விட்டது என்று கத்தினாய், பிறகு அந்த ஆப்பின் பாஸ்வேர்டைக் கேட்டாய். அவள் கொடுத்தாள், புருஷன் கேட்டால் கொடுக்கிறவள் அவள். அன்றில் இருந்து விடிந்தால் லீட்ஸில் இருந்து விசாரணை. வேர்க்கடலை எதுக்கு, எண்ணெயில பொரிச்ச மாவுருண்டை எதுக்கு, நேத்து மத்தியானம் ஏன் ஒண்ணும் எழுதல. காசு கொடுத்துச் சேர்த்த இடத்தில் மேடம் பிரிஸ்கா செய்ததை, காசில்லாமல் கிடைத்த இடத்தில் நீ செய்தாய், மைக் ஒன்றுதான் குறை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தவள் குளியலறைப் பக்கம் நிற்கிறாள் என்று போனேன். இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கே துணிக்குள் மறைத்து வைத்து வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள். கசோண்டே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற பெண், என் வீட்டில், என் கிழங்கை, திருடி மாதிரி. என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். "இப்படியே வந்து எறங்கினா என் ஃபிரண்ட்ஸ் முன்னாடி நான் எப்படி நிக்கறது" என்று நீ சொன்னதையும் சொன்னாள்.

எப்படி நிற்பாயா? அவள் வீட்டில் உன் மாமன்மாரோடு போய்ப் பெண் கேட்டு எப்படி நின்றாயோ அப்படி நில். அன்றைக்கு அவள் இதைவிடப் பருமன்தான், அவள் நடந்து வந்தபோது நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின போட்டோவையும் பார்த்தேன், வயிற்றில் இரண்டு பொத்தானுக்கு நடுவே பனியன் தெரிகிறது, உன்னை யாராவது மேடையில் ஏற்றி மூட்டை தூக்கச் சொன்னார்களா, உன் தட்டில் என்ன இருக்கிறது என்று அவள் ஒரு நாளாவது கேட்டாளா? தெருவில் எல்லாரும் என்னை உன் பெயரை வைத்துப் 'பனா கசோண்டே' என்றுதான் கூப்பிடுகிறார்கள், கசோண்டேயின் அம்மா. இந்த மாதம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே கசந்தது.

உன் தாய்மாமன் கபாசோவை வரச்சொன்னேன். உன் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் அவன், அவனுக்குத்தான் கேட்க உரிமை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லோம்பேயிடம் "நீ போகவேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லு, அவங்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். அவள் யோசிக்கிறேன் என்றாள். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆப் திறக்கவில்லை, நெட்வொர்க் சரியில்லை என்று நீ புலம்புகிறாய் அல்லவா, நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது.

போகாதே என்றுதான் நான் சொன்னேன். உன் அம்மாவே சொன்னேன், எழுதி வைத்துக்கொள். அவள் கேட்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு அவள்மேலும் இருக்கிறது. "அவரோட வாழணும்னுதானேம்மா கல்யாணம் பண்ணேன், நேர்ல பாத்து முடிவு பண்றேன்" என்கிறாள். ஆனால் நீ போட்ட தேதியில் வரமாட்டாள். பிள்ளைகளின் பரீட்சையை முடித்துவிட்டுத்தான் கிளம்புவாள், தேதியை அவளே மாற்றிவிட்டாள். திரும்பி வருகிற டிக்கெட்டும் அவள் பையில் இருக்கும், உன் மாமன் எடுத்துக் கொடுத்தது.

இனி நான் சொல்வதைக் கேள். அங்கே மக்காச்சோள மாவு கிடைக்கிற கடையைத் தேடி வாங்கி வை. குளியலறையில் எடை பார்க்கிற கருவி இருந்தால் அவள் வருமுன் வெளியே போடு, வேண்டும் என்றால் அவளே வாங்கிக்கொள்வாள். ரத்த அழுத்தம் பார்க்க டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, வெளியே உட்கார், அவள் சொன்னால் உள்ளே போ. காசு கட்டிக் கூட்டத்தில் சேர்வாளோ, போனில் எண்ணுவாளோ, இரண்டும் வேண்டாம் என்று சும்மா இருப்பாளோ, அது அவள் வயிறு. உனக்கு நேரம் கிடைக்கிற அன்றைக்கு நீயே களி கிண்டி வைத்து, அவளோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடு. வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன்.

கடவுள் உன்னை வைத்துக் காக்கட்டும், உன் புத்தியையும் சேர்த்துக் காக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். ஒன்றை மட்டும் மறக்காதே. விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி அவள் வரும்போது உன் கண் முதலில் எங்கே போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே வருவாள். முகத்தைப் பார்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா