கடதாசியில் ஒட்டாத அப்பா

21 ஒக்டோபர், திங்கள்

லீவு முடிந்து கந்தோருக்குப் போனேன். அப்பா செத்ததற்குத் துக்கம் விசாரித்தவர்கள் இரண்டு பேர். நான் இல்லாத நாட்களில் என் மேசையில் கோப்புகளைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் மற்ற எல்லோரும்.

பின்னேரம் கனடாவிலிருந்து தம்பி போன் எடுத்தான். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டுமாம். உள்ளே தேவாரம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம், அட்டையில் அப்பாவின் படம் பளபளக்க வேண்டுமாம். அதற்கென்று விசேட தாளை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறான்.

"அங்க நல்ல கடதாசி கிடைக்காதுதானே அக்கா."

ஓம் ராசா, நாங்கள் இன்னும் ஓலையில்தான் எழுதுகிறோம்.

வைப்பதற்கு முன் கேட்டான்: "அப்பா கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரா?"

ஃபான் காற்றைக் குறைக்கச் சொன்னவர். கடைசிப் பேச்சு அதுதான். அதையே சொன்னேன். தம்பி நிதுர்ஷன் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போன நாளிலிருந்து அப்பா அவனோடு போனில்கூடப் பேசவில்லை. செத்தவீட்டுக்கு வரவும் அவனால் முடியவில்லை, அங்கே அவனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. தாள் வந்ததும் சொல்லச் சொல்லிப் போனை வைத்துவிட்டான். வேறு என்னத்தைச் சொல்லியிருக்கலாம்?

24 ஒக்டோபர், வியாழன்

தாள் வந்து சேர்ந்தது. முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம்.

படம்தான் இல்லை. அப்பா கமராவைக் கண்டால் எழும்பிப் போகிற ஆள். அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான் தேறியது. படம் பிடித்தவனை அடிக்கப் போகிற மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் காட்டினேன்.

"இந்த முகத்தோடதான் மகள் எனக்குத் தாலியும் கட்டினவர்."

28 ஒக்டோபர், திங்கள்

கந்தோர் முடிந்த பிறகு போட்டோக்கொப்பி மெஷினில் அடிக்க மேலதிகாரி மேடம் அனுமதி தந்தார். "மெஷினுக்கு ஒண்டும் ஆகாமப் பாத்துக்கொள்ளும் கஜானி." மெஷினுக்கு என்ன ஆனாலும் கேட்க ஆள் இருக்கிறது. நல்லது.

முதல் தாள் உள்ளே போய் விசிறி மாதிரி மடிந்து வந்தது. அடுத்ததில் அப்பாவுக்கு நெற்றியே இல்லை. பிறகு ஒன்று முழுசாக வந்தது; கையில் எடுத்தேன், பாதி அப்பா என் உள்ளங்கைக்கு மாறிவிட்டார்.

பழுதான தாள்களைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். போட முடியவில்லை. பெத்த அப்பாவை எப்படிக் கசக்கி எறிகிறது? பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

29 ஒக்டோபர், செவ்வாய்

இணையத்தில் வாசித்த வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. தாள்களை விசிறிப் பிரித்து வைத்தேன். வாவிக் காற்றின் ஈரம் படாமல் யன்னல்களை அடைத்தேன். தாளைத் திருப்பிப் போட்டேன், பின்பக்கத்தில் அப்பா அருமையாக விழுந்தார். பளபளப்பு மட்டும் இல்லை. கனடாவிலிருந்து அதைத்தானே அனுப்பியிருக்கிறான்!

மீண்டும் மினுக்கப் பக்கம். சுடச்சுட வந்த தாளை அவசரத்தில் எடுக்க, பெருவிரல் அப்பாவின் வாயோரத்தில் பட்டு மை மேலே இழுபட்டது.

அப்பா சிரித்தார்.

தனியே நின்று நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. செத்தவீட்டில்கூட இப்படி அழவில்லை. அப்ப வேலை இருந்தது, பால் காய்ச்ச வேணும், கதிரை எடுக்க வேணும், ஆர் அழுறது?

30 ஒக்டோபர், புதன்

காலையில் மெஷினில் எடுத்த சுற்றறிக்கைகள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மங்கலான கறுப்புக் கோடு. மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

அப்பாவின் மீசை. சொல்லவில்லை. "தெரியாது மேடம்" என்றேன்.

வீட்டில் அம்மா பையைக் கிளறி அந்தச் சிரிக்கிற தாளை எடுத்து வைத்திருந்தா.

"இது ஆர்?"

விரல் பட்டதைச் சொன்னேன். கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு கொண்டுபோய், அப்பாவுக்காக எரிகிற விளக்கடியில் சாத்தி வைத்தா.

31 ஒக்டோபர், வியாழன்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பட்டாசுக்கு அது தெரியாது.

4 நவம்பர், திங்கள்

மெஷின் திருத்துகிற றமீஸ் ஏறாவூரிலிருந்து வந்தார். தாளைத் தடவிப் பார்த்த உடனே தலையில் கை வைத்தார்.

"மிஸ், இது ஈர மை பீச்சுற பிரிண்டருக்கெண்டு உள்ள கடதாசி. இந்த மெஷினுக்குள்ள இரிக்கிறது தூள். தூளச் சூட்டுல உருக்கித்தான் ஒட்டுது. சூடு பட்டா இந்தக் கடதாசிட பூச்சும் சேர்ந்து இளகும். மறுகா எங்க ஒட்டுற?"

"கனடாக் கடதாசி" என்றேன்.

"கனடாவிலயும் சூடு சூடுதான் மிஸ்."

உள்ளே உருளையைத் துடைத்துவிட்டுத் துணியை நீட்டினார். "ஆர்ட மீசை இது?" சொன்னேன். மனிதர் பாவம், அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. இந்த மெஷினுக்கு ஏற்ற மினுக்கத் தாள் நாளை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

5 நவம்பர், செவ்வாய்

றமீஸின் தாள். ஈரம் படாமல் இருக்க, அடிக்கிற நேரத்தில்தான் பொதியை உடைத்தோம். தடித்த தாள் என்று மெஷினுக்குச் சொல்லி, பக்கத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்து, வந்ததை ஆறும்வரை தொடாமல் பரப்பினோம். கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக. நகத்தால் சுரண்டியும் அசையவில்லை.

மேசை நிறைய அப்பா, மிகத் தெளிவாக முறைத்துக்கொண்டு. இதற்குத்தான் இவ்வளவு பாடு.

தம்பிக்குத் தாள் மாறிய கதையைச் சொல்லவில்லை. அவன் செய்யக் கிடைத்தது அது ஒன்றுதான்.

9 நவம்பர், சனி

முப்பத்தோராம் நாள். மலரை வாங்கிய எல்லோரும் அட்டையைப் பார்த்து, "அப்படியே அழகரத்தினம்தான்" என்றார்கள். சிலர் கொஞ்சம் பயந்த மாதிரியும் இருந்தது.

சாப்பாடு முடிய நிதுர்ஷன் வீடியோவில் வந்தான். அட்டையைக் காட்டினேன். "ம்" என்றான். அந்தப் பார்வையைப் பார்த்துத்தானே வளர்ந்தவன். பிறகு திடீரென்று, "அக்கா, பின்னால விளக்கடியில இருக்கிறது என்ன படம்? அப்பா சிரிக்கிறாரா?"

நான் வாயைத் திறக்க முதல் அம்மா போனைப் பறித்துவிட்டா.

"ஓம் மனே. உன்ட பேச்சு எடுத்தா இப்பிடித்தான் சிரிப்பார்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, தன் பழைய குரலில் சொன்னான்: "அந்தப் படம் எனக்கு வேணும் அக்கா. நான் அனுப்பின கடதாசிதானே அது? அதுதான் வடிவா வந்திருக்கு. அங்க கிடைக்கிறதில இப்பிடி வராது."

"ஓம்" என்றேன். இந்தத் தாள் விசயத்தில் அவன் சொன்னதற்கு நான் மனசார ஓம் போட்டது இதுதான் முதல் தடவை.

கண்ணாடிச் சட்டம் போட்டுத்தான் மாட்ட வேண்டும், கை படக்கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.