பூமியின் நடுவழியாக வந்த சேதி

நாச்சாரம், ஐதராபாத்.

அன்பு மகள் சபீனாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், எங்கள் காலடியில் நிலமும் அசையாமல் கிடக்கிறது, அங்கே உன் காலடி நிலமும் அப்படியே கிடக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே குளிர் இறங்கிவிட்டது, உம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் தேய்க்கிறாள், மாத்திரை என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நம் தெருமுனைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒருவழியாகச் சாலையைச் சரிசெய்துவிட்டார்கள். நீ போன வாரம் போனில், அன்றைக்கு அங்கே என்ன நடந்தது, ஏன் உங்கள் குரல் அப்படி இருந்தது, வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டட்டுமா வேண்டாமா, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள் என்றாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் போனில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உனக்கு விடியற்காலை, எங்களுக்கு நடுப்பகல். ஜும்ஆத் தொழுகைக்குப் போக முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்குள் வந்தேன், தொப்பியை எடுக்கத்தான் வந்தேன். திரையில், நிலநடுக்கத்தைப் பதியும் நம் ஐதராபாத் கருவியின் கோடு துள்ளியிருந்தது. கருவிக்குப் பக்கத்தில் லாரி போனாலும் கோடு துடிக்கும், அதெல்லாம் பார்த்துப் பழகின கண். இது அது இல்லை. நிலத்தை மேலும் கீழுமாக மட்டும் தட்டியிருந்தது, பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இமயமலையில் ஆடினாலும் இந்தோனேசியாவில் ஆடினாலும் அலை சாய்வாக வந்து சேரும். இப்படிச் செங்குத்தாகக் கீழிருந்து ஏறி வருகிறதென்றால் அது பூமியின் நடுவைக் கடந்து வந்திருக்கவேண்டும், ஆடின இடம் நமக்கு நேர் அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கடல்தான், கடலை விட்டால் நீ இருக்கும் கரை. திரும்பிப் பார்த்தேன், என்னோடு வேலை செய்யும் கிரிஜா என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாட்டு நிலையங்களின் கணக்கு எனக்கு முன்பே அவள் திரைக்கு வந்துவிட்டது, அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள் பாவம். கடைசியில் "சார், சிலி. மீ அம்மாயி அக்கடே கதா" என்றாள். ஆமாம், என் பெண் அங்கேதான் என்றேன். எவ்வளவு பெரியது என்று கேட்டேன். சொன்னாள். கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன், அதையும் சொன்னாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

உன் எண்ணை அழுத்தினேன், மணியே அடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். நீ மேட்டுக்கு ஓடி ஏறுவதற்குள் கடல் பொங்கி ஊருக்குள் வருமா வராதா என்று இங்கேயிருந்தே எனக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக நினைத்தேன். டி.வி.யில் பார்ப்பதற்கு முன்னால் என் வாயாலேயே கேட்கட்டும் என்று உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. "நீங்கதான சொன்னீங்க, அங்க கட்டடமெல்லாம் ஆடுனாலும் விழாதபடி கட்டியிருக்கான், அனுப்பலாம்னு" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும், உனக்கு அந்த வேலை கிடைத்தபோது அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், நான் அந்தப் பதிலைச் சொல்லித்தான் அவளைச் சம்மதிக்கவைத்தேன். போனை வைத்துவிட்டு அப்படியே கிளம்பி ஆட்டோ பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். வாசலில் காவலாளி விடவில்லை, கிரிஜா ஓடிப்போய் அழைத்துவந்தாள். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் உம்மா உள்ளே வந்தது அன்றைக்குத்தான்.

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை, திரைக்கு முன்னால் நின்றுகொண்டு எது என்று கேட்டாள். அந்தத் துள்ளலைக் காட்டினேன். "இந்தக் கோட்டுல எம்புள்ள எப்படி இருக்கான்னு தெரியுமா" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப என்னதான் தெரியும் இதுல" என்று கோபமாகத்தான் கேட்டாள், கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா நிற்க முடியாமல், நான் ஏதாவது பேசட்டும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, நானும் சொல்ல ஆரம்பித்தேன். அங்கே தரை பிளந்ததும் அலை கிளம்புகிறது, முதலில் நாம் வீடு கட்டி வாழும் மேலோடு, மெல்லியது, அதற்குக் கீழே கவசம் என்று சொல்லும் கனத்த பாறை அடுக்கு, அது ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் ஆழம் வரைக்கும். அதையும் தாண்டினால் உருகிக் கிடக்கும் இரும்பு, அதற்கும் நடுவில் இறுகிப்போன இரும்புக் குண்டு, இந்த அலை அதையெல்லாம் துளைத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் நம்மிடம் வந்திருக்கிறது என்றேன். "யாரு போய்ப் பாத்தா உருகிக் கிடக்குன்னு" என்றாள். யாரும் போகவில்லை, போகவும் முடியாது, நிலம் ஆடும்போது இரண்டு வகை அலை கிளம்பும், ஒன்று நெருக்கித் தள்ளிக்கொண்டே போகும், அது எதற்குள்ளும் போகும், இன்னொன்று பக்கவாட்டில் அசைந்து அசைந்து போகும், அதற்குக் கெட்டியான பொருள் வேண்டும், தண்ணீர் மாதிரி இளகினதற்குள் அதால் போகவே முடியாது. பூமிக்கு அந்தப் பக்கம் ஆடினால் இந்த இரண்டாவது அலை நேர்வழியில் நமக்கு வருவதேயில்லை, அதனால்தான் நடுவில் உருகின அடுக்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள் என்றேன்.

உம்மா விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு "வராததை வச்சுத்தான் கண்டுபிடிச்சீங்களா" என்றாள். ஆமாம் என்றேன். சொன்னபிறகுதான் அவள் எங்கே வந்து நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "அவ போனும்தான் வரல" என்றாள். கிரிஜாவுக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். ஒருதடவை வரவில்லை என்பதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யவில்லை, கருவி பழுதாக இருக்கலாம், அலை வலுவில்லாமல் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்பார்த்து, உலகம் முழுக்க எத்தனையோ ஊரில் எத்தனையோ வருஷம் பார்த்தபிறகுதான் தைரியமாகச் சொன்னார்கள், ஒரு போன் வராததற்கு நூறு காரணம் இருக்கும், நாம் இப்போது எதையும் முடிவு செய்யக்கூடாது என்றேன். அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, எனக்கே அது தேவையாக இருந்தது. உம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணிநேரத்துக்கும் மேலே ஆகியிருக்கும், திடீரென்று கோடு முன்பைவிடப் பெரிதாக எழும்பி எழும்பி ஆட ஆரம்பித்தது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடியுமா என்றாள். இல்லை, அதே நடுக்கம்தான், இது உள்ளே போகாமல் பூமியின் மேல்தோலோடு சுற்றிக்கொண்டு வருகிற அலை, மெதுவாகத்தான் வரும் என்றேன். அந்தக் கோடு அடங்குகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

நீ படிக்கட்டில் போனைத் தவறவிட்டாய், மனப்பாடமாகத் தெரிந்தது உம்மா எண் மட்டும்தான், யாரோ கொடுத்த போனில் அதைத்தான் விடாமல் அழுத்தினாய் என்பதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும். உம்மாவோ வந்த அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள், கதவைக்கூடப் பூட்டவில்லை. பூட்டாததுதான் நல்லதாய்ப் போயிற்று. பக்கத்துவீட்டு லலிதா ஆன்ட்டி போன் அடித்துக்கொண்டே இருக்கிறதே என்று உள்ளே போய் எடுத்திருக்கிறாள். சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் போல எனக்குக் கூப்பிட்டு "ஹவ் பாய் சாப், பச்சி டீக் ஹை, மைச் பாத் கரீ" என்று மூச்சு வாங்கச் சொன்னாள், பிள்ளை நன்றாக இருக்கிறாள், நானே பேசினேன் என்று. நான் உடனே ஸ்பீக்கரில் போட்டேன், உம்மா இன்னொருதடவை சொல்லு லலிதா, இன்னொருதடவை சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் லலிதா கொடுத்த எண்ணுக்கு நான் கூப்பிட்டது, நீ எடுத்ததும் எந்தப் பக்கம் ஆடிச்சு, வடக்கு தெற்காவா கிழக்கு மேற்காவா என்று கேட்டது. "யஹீச் பூச்னா தா க்யா வாப்பா", இதைத்தான் கேட்கத் தோணிச்சா என்று நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மகளே, அடிபட்டதா, பயந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் என் குரல் உடைந்திருக்கும். உம்மா பக்கத்திலேயே இருந்தாள், அன்றைக்கு முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடையாமல் கேட்க வந்த கேள்வி அது ஒன்றுதான்.

இனி உன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நாளைக்கு ஆடுமா, இன்னும் பத்து வருஷம் கழித்தா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. பெரிய ஆட்டத்துக்குப் பிறகு மாசக்கணக்கில் சின்ன ஆட்டங்கள் இருக்கும், அபூர்வமாகப் பெரியதும் வரலாம். உன் கட்டடம் ஆடியது, நின்றது, சுனாமிச் சங்கு ஊதியதும் ஊரே மேட்டில் ஏறியது, அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். அந்தச் சூரியமின் நிலைய வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, உன் குரலிலேயே தெரிகிறது. பிடித்திருந்தால் இரு. எங்களுக்காகப் பயந்துகொண்டு வந்துவிடாதே என்றுதான் சொல்வேன். இதை எழுத உம்மாவின் சம்மதம் வேண்டுமே என்று இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். அவள் தினமும் வரச்சொல்லுங்க, வரச்சொல்லுங்க என்றுதான் இருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் பக்கத்துவீட்டு எல்பா அம்மாவைக் காட்டினாயே, அன்றைக்கு இருட்டில் நீ கைபிடித்து மேட்டுக்கு ஏற்றிக்கொண்டுபோன அம்மா, உனக்குப் போன் கொடுத்ததும் அவர்தான், அவர் உன் கையை விடாமல் அவர் பாஷையில் ஏதோ சொல்லி அழுதார், நீ அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. உம்மா மொழிபெயர்ப்பும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வரச்சொல்லுங்க என்ற பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே "அம்புட்டுப் பெரிய பூமியக் குடைஞ்சு இருபது நிமிசத்துல அலை வந்து சேருதுன்னா, நாம ரெண்டு நாளு பிளேன்ல உக்காந்திருக்க முடியாதா" என்றாள். விமானம் என்றாலே தலைசுற்றும் என்று சென்னைக்கே ரயிலில்தான் போவாள், உனக்குத் தெரியும். நோன்புப் பெருநாள் முடிந்ததும் நாங்கள் இரண்டுபேரும் வருகிறோம், இன்ஷா அல்லாஹ். மாசிக்கருவாடு அந்த நாட்டு விமான நிலையத்தில் விடமாட்டான் என்று நீயே அவளிடம் சொல், நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

மறக்காமல் கட்டில் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வைத்துக்கொள், புத்தக அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டாயா என்று எனக்கு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும், நீ நிற்கும் நிலத்தையும் உன்னைச் சுற்றியிருப்பவர்களையும் காப்பாற்றட்டும், ஆமீன்.

உன் பிரியமுள்ள வாப்பா,
நூர் முகமது

உம்மா எழுதச்சொன்னது: எல்பா அம்மா அன்னைக்கு வெறுங்காலோடதான் மேடு ஏறுனாங்கன்னு நீ சொன்னதுலேருந்து எனக்கு மனசே ஆறல. அவங்களுக்கு எத்தனாம் நம்பர் செருப்புன்னு கேட்டு எழுதும்மா, சார்மினார் பக்கம் போய் நல்ல மெத்துன்னு பாத்து ரெண்டு அளவுல ரெண்டு சோடி வாங்கி வச்சிருக்கேன், எது சேரும்னு தெரியல.