விலாவுக்கு ஏறிய பாக்கெட்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், தையல் மெஷினும் சுகம், என் மானம்தான் போன வாரம் கொஞ்சம் கிழிந்து இப்போது ஒட்டுப் போட்டு நடமாடுகிறது. நீயும் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். விஷயம் இதுதான். நீ அலமாரியில் விட்டுப்போன அந்தப் பெரிய புத்தகம், உடுப்புப் படம் வரைகிறவர்களின் படங்களெல்லாம் சேர்த்துப் போட்டது, அதைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். சும்மா பார்க்கத்தான். எதிர் மாடிப் பல் டாக்டரம்மா ரவிக்கை வாங்க வந்தவர், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, மாஸ்டர் எனக்கு இந்த நீளக் கோட்டு வேணும், படத்துல இருக்கற மாதிரியே வேணும் என்று சொல்லிவிட்டார். மாதிரியே என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் வகுப்பில் படித்த விகிதக் கணக்கைத் தூசி தட்டி, படத்தை டேப் வைத்து அளந்து, இடுப்பு எங்கே, பாக்கெட் எங்கே என்று அதே கணக்கில் பெருக்கி வெட்டினேன். கண்ணாடி முன்னால் போட்டுக்கொண்டு அந்தம்மா பாக்கெட்டில் கையை விட்டார். இரண்டு முழங்கையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பாக்கெட் விலாவுக்கு ஏறிவிட்டது. மாஸ்டர், கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்கு, இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிப் பல்லைப் புடுங்குறது என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, தலையை ஒரு அளவாக வைத்து உடம்பை அளந்தேன். ஏழு தலையும் கொஞ்சமும் வந்தது. படத்திலுள்ள பெண்ணுக்கு ஒன்பது தலை, அத்தனை கூடுதலும் காலில், அந்தக் கணக்கில் வெட்டியதால்தான் பாக்கெட் மேலே ஏறியிருக்கிறது. எனக்குத் தலை பெருசுங்கறதை நேரா சொல்லிட்டுப் போறது, டேப் எதுக்கு என்று அம்மா கேட்டாள், டேப்பைச் சுருட்டி வைத்தேன். வரைகிறவர்கள் காலை நீட்டித்தான் வரைவார்கள் என்று நீ எப்போதோ சொன்னாயாம், அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இல்லை.

பிறகு அளக்காமல் பார்த்தேன். நாலைந்து நாள் வேலைக்கு நடுவே பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தேன். முதுகு காட்டி நிற்கும் ஒருத்தியின் படம் இருக்கிறதே, உனக்குத் தெரிந்திருக்கும். தோளிலிருந்து முழங்கால் வரை சாய்வாக ஒரே தூரிகை இழுப்பு, மற்றதெல்லாம் வெறும் காகிதம். முதலில் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். மிச்சத் துணியை நாற்காலி முதுகில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, படம் போட்ட ஆள் துணியை வரையவில்லை, அது விழுகிறதை வரைந்திருக்கிறார். டாக்டரம்மா கோட்டின் தையலைப் பிரித்தேன். விலாப் பாக்கெட்டை மூடித் தைத்து, மேலே தோளிலிருந்து ஒரு தளர்ந்த மடிப்பைச் சாய்வாக இறக்கிவிட்டேன். என் தப்பு அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. டாக்டரம்மா போட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பினார், இன்னொரு தரம் திரும்பினார். இது அந்தப் படத்துல இல்லையே என்றார். இல்லைங்க என்றேன். அப்ப இது யாரோடது என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், உங்களோடதுதாங்க, கழட்டாதீங்க என்று சொல்லிவைத்தேன்.

நீ போனில் சொன்னதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலையில் எந்த உடுப்பை வரைந்தாலும் வேறு யாரோ வரைந்தது மாதிரியே இருக்கிறது, மேலதிகாரியும் அதையே சொல்கிறார், திங்கட்கிழமையோடு வேலையை விட்டுவிட்டு ஊரில் மாமா கம்பெனியில் கணக்கு எழுத வந்துவிடட்டுமா என்று கேட்டாய். மாமாவும் நாற்காலி போட்டுவைத்துக் காத்திருக்கிறார், அந்த மனிதர் சொன்னால் செய்வார். அம்மா உன் அறையை ஒழித்து, ஜன்னல் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். நான் அதைக் கெடுக்கவில்லை. உனக்குக் கழுத்து வலி என்றாயே, குனிந்து வரையாதே, மேசைக்கால் நாலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்திக்கொள். ராத்திரி வெறும் டீயோடு படுக்காதே. மாடிப்படி பல்பை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் இன்னொரு முறை கேள், அவர் மறந்தால் நீயே மாற்றிவிடு. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்கவேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உண்டு.

அன்றைக்கு நீ கேட்டதும், உன் இஷ்டம்மா என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வரப்போகிறாய் என்று அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதனால் வாய்வரை வந்ததைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வா, ஆனா வரையறதை விட்டுட்டு வராதேம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா